வட்டத்தகட்டில் வந்த வித்தை

ஊத்தங்கரையிலிருந்து கல்லாவிக்குப் போகும் சாலையோரத்தில், கதிர் முற்றும் பருவத்தில் கிளிகளையும் மைனாக்களையும் விரட்டுவதற்காக, பழைய டிவிடித் தகடுகளைக் கயிற்றில் கோத்து வயலின் குறுக்கே கட்டியிருந்ததைச் சென்ற தை மாதத்தில் கண்டேன். வெயிலில் அவை சுழன்று மின்னிக்கொண்டிருந்தன. பெரும்பாலானவை கலியாணப் படங்களும் பக்திப் பாடல்களும் அடங்கியவை. ஆனால் ஒரு தகட்டின் முகப்பில், வீடியோ எடிட்டிங் மென்பொருளைக் கற்பிப்பதற்கென்று வெளிநாட்டில் தயாரான பாடத்தொகுதி ஒன்றின் பெயர் பாதி அழிந்த நிலையில் தென்பட்டது. அதே தொகுதியை வைத்துக்கொண்டுதான் 2007-ஆம் ஆண்டில், வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு, ஓசையை அடக்கி வைத்துக் கொண்டு நான் படத்தொகுப்பு என்னும் வித்தையின் முதல் எழுத்தைக் கற்றேன். அத்தகட்டுக்கு நான் பட்ட கடன் பெரிது. அது எனக்குக் கொடுக்காமல் விட்டதும் பெரிது. இவ்விரண்டையும் இப்போது எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கிறது. ஏனெனில் தகடு வயலுக்குப் போய்விட்டதே தவிர, கற்க வேண்டுமென்ற ஆவலோடு இரவில் கண்விழிக்கும் இளைஞர்கள் இவ்வூரில் முன்னைவிடப் பெருகியிருக்கிறார்கள்.

அக்காலத்தில் இங்கே எடிட்டிங் என்ற சொல்லைக் காட்டிலும் மிக்சிங் என்ற சொல்லே வழக்கில் இருந்தது. இரண்டு மூன்று விசிஆர் பெட்டிகளையும் ஒரு மிக்சரையும் வைத்துக்கொண்டு, ஒரு நாடாவிலிருந்து மற்றொரு நாடாவுக்குப் படத்தை மாற்றி, இடையிடையே பூ விரிவதும் இதயம் பிளப்பதுமான எஃபெக்டுகளைச் சேர்த்து, சினிமாப் பாட்டு ஒன்றைப் பின்னணியில் ஒட்டிக் கொடுக்கும் அந்தத் தொழிலைத் தெரிந்தவர்கள் தாலுகாவுக்கு நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்களிடம் வேலைக்குச் சேர்ந்த பையன் லைட் பிடிப்பான், ஒயர் சுற்றுவான், மண்டபத்துக்கும் கடைக்குமாய் அலைவான். மிக்சிங் அறையின் கதவு அவனுக்குத் திறக்க நாலைந்து வருஷங்கள் ஆகும். சினிமாவிலோ காரியங்கள் வேகமாய் மாறிக்கொண்டிருந்தன. 1994-இல் வெளிவந்த 'மகாநதி' அவிட் என்னும் கணினிக் கருவியில் தொகுக்கப்பட்டது. 1991-இல் பிறந்த அடோபி பிரீமியரும், 2003-இல் வந்த எடியஸும் ஆகிய தொகுப்பு மென்பொருள்கள் மெல்ல மெல்லக் கலியாண ஸ்டூடியோக்களுக்குள் புகுந்தன. பல தினுசான கேமராக்களின் பதிவுகளையும் காத்திருக்க வைக்காமல் உடனுக்குடன் ஓட்டிக் காட்டியதால் எடியஸ் நம் ஊர்க்காரர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் கம்ப்யூட்டரையும் கேப்சர் கார்டையும் வாங்கிவந்துவிடலாம். கற்பிக்கும் ஆசிரியரை எங்கே போய் வாங்குவது? தரமணியில் இருந்த அரசுத் திரைப்படக் கல்லூரி 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அதன் வாசலுக்குப் போகிறவன் மாதக் கணக்கில் வருமானமின்றி இருக்கத் தயாராக இருந்தால்தான் போகலாம்.

இந்த வெற்றிடத்தைத்தான் வட்டத்தகடு நிரப்பிற்று. டோட்டல் டிரெயினிங், கிளாஸ் ஆன் டிமாண்ட், லிண்டா வைன்மன் என்ற அம்மையார் 1995-இல் தொடங்கிய லிண்டா டாட் காம் ஆகிய ஸ்தாபனங்கள், அனுபவமுள்ள ஒருவரைக் கணினி முன் அமர்த்தி, அவர் செய்வதைத் திரையோடு குரலோடு பதிவு செய்து விற்றன. சென்னையிலும் பெங்களூரிலும் கிடைத்த டிஜிட், சிப் போன்ற பத்திரிகைகளும் இதழோடு தகடு ஒன்றை இணைத்துக் கொடுத்தன. அவற்றில் சிலசமயம் இத்தகைய பாடங்களின் மாதிரிகள் இருக்கும். 4.7 ஜிபி கொள்ளும் ஒரு தகட்டில் பல மணி நேரப் பாடம் அடங்கிற்று. அப்பாடங்களுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது என்பதே அவற்றின் முதல் விசேஷம். முதல் அத்தியாயத்தில் புராஜெக்டைத் தொடங்குவது, இரண்டாவதில் படத்தை உள்ளே கொண்டுவருவது, மூன்றாவதில் டைம்லைனில் வைத்து வெட்டுவது என்று, படியேறுகிறவன் ஒரு படியையும் தாண்டாதபடி, ஒரே குரல் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கையைப் பிடித்து அழைத்துச் சென்றது. இரண்டாவது விசேஷம், ஆசிரியர் வெட்டிக் காட்டுகின்ற அதே படத்துண்டுகளைத் தகட்டின் ஒரு மூலையில் பயிற்சிக்கென்று வைத்திருந்ததுதான். அவர் பத்தாவது பிரேமில் வெட்டினால் நானும் பத்தாவது பிரேமில் வெட்டிப் பார்க்கலாம். அவருக்கு வந்தது எனக்கு வரவில்லை என்றால் பிழை என்னுடையது என்று அக்கணமே தெரிந்துவிடும். சங்கீதம் கற்கும் குழந்தைக்குக் குருவின் சுருதியும் தன் சுருதியும் ஒன்றாயிருப்பது எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் இது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் அந்தக் குருவின் சுருதி நம் நாட்டுச் சுருதியாக இல்லை. இதை நான் அறிந்துகொண்ட விதம் இன்றைக்கும் என் மனத்தை உறுத்துகிறது.

என் ஒன்றுவிட்ட தங்கையின் கலியாணத்தை நானே படம் பிடித்து, நானே தொகுத்துக் கொடுப்பதாகச் சித்தப்பாவிடம் சொல்லியிருந்தேன். தகட்டில் வந்த அமெரிக்க ஆசிரியர் புராஜெக்டைத் தொடங்கும்போது என்.டி.எஸ்.சி. என்றிருந்த வரியைத் தெரிவு செய்தார். நானும் அதையே செய்தேன். அமெரிக்காவின் மின்சாரம் விநாடிக்கு 60 சுழற்சி. அதையொட்டி அவர்களுடைய தொலைக்காட்சி விநாடிக்கு 30 பிரேமாக அமைந்து, வண்ணம் வந்தபோது 29.97 ஆயிற்று. நம் மின்சாரம் 50 சுழற்சி. நாம் தழுவிக்கொண்ட பால் என்னும் முறையில் விநாடிக்கு 25 பிரேம், உயரம் 576 கோடு. அவர்களுடைய எண்முறைப் பதிவிலோ 480 கோடுதான். என் கேமரா 25 பிரேமில் எடுத்ததை நான் 29.97 அச்சில் வார்த்தேன். மென்பொருள் போதாத பிரேம்களை இட்டு நிரப்பிற்று. மறுபடி நம் ஊர் டிவிடி பிளேயருக்காக மாற்றியபோது சிலவற்றைப் பிடுங்கிப் போட்டது. முடிவில், மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் தத்தித் தத்திச் சென்றது. மணமேடை மங்கலாகத் தெரிந்தது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு முறை போடச் சொல்லவும் இல்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின. அந்த ஆசிரியர் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர் தம் நாட்டு மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். எங்களூர்க் கலியாணத்துக்கு எந்த வரியைத் தெரிவு செய்ய வேண்டுமென்று சொல்ல வேண்டியவர் ஒருவர் எங்கள் பாஷையில் இல்லாமற்போனார் என்பதே விஷயம்.

பாஷை என்ற உடனே, டைம்லைனுக்கும் ரெண்டருக்கும் தமிழ்ச்சொல் தேட வேண்டும் என்று நான் வாதாடப்போவதாக வாசகர் எண்ணிவிட வேண்டாம். சொல்லாக்கத்தில் இந்த மண்ணுக்குப் பழைய பெருமை உண்டு. அன்று சேலம் ஜில்லாவாகவும் இன்று கிருஷ்ணகிரி மாவட்டமாகவும் இருக்கின்ற இப்பகுதியில், ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, சேலத்தில் வக்கீலாக இருந்தபோது 1916-இல் விஞ்ஞானச் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஒரு சங்கம் அமைத்துப் பத்திரிகையும் நடத்தினார். பிற்பாடு 'திண்ணை ரசாயனம்' என்ற நூலில் அணுவையும் மூலகத்தையும் கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற தோரணையில் விளக்கினார். அந்த நூலை நான் இங்கே நினைப்பது அதன் சொற்களுக்காக அன்று, அதன் வாக்கியங்களுக்காக. ஸ்டூடியோப் பையன் கட் என்பான், டிசால்வ் என்பான், ரெண்டர் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறேன் என்பான். அச்சொற்கள் அவன் கைக்குப் பழகிய ஆயுதங்கள், அவற்றை அவனிடமிருந்து பிடுங்குவதால் பிரயோஜனம் இல்லை. ஆனால் ஏன் இங்கே கட் வேண்டும், ஏன் அங்கே டிசால்வ் கூடாது என்கிற காரணத்தைச் சொல்லும் வாக்கியம் அவன் தாயோடு பேசுகிற பாஷையில் இருந்தாலொழிய, அது அவன் கையோடு நின்றுவிடும், புத்திக்குள் இறங்காது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவர், ஆங்கிலத் தகட்டின் ஓசையை அடியோடு நிறுத்திவிட்டு, அம்புக்குறி எங்கெங்கே போகிறதென்று மட்டும் பார்த்து முழுத் தொகுதியையும் கற்றதை நான் அறிவேன். அவருடைய சிரத்தையை வணங்குகிறேன். அதே சமயம், ஆசிரியர் அந்த அம்புக்குறியை அங்கே கொண்டுபோன காரணம் ஒன்றுகூட அவருக்குக் கிட்டவில்லையே என்றும் வருந்துகிறேன்.

பாஷைத் தடையை நீக்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில், மத்திய அரசின் உதவியோடு உருவான ஸ்போக்கன் டியூட்டோரியல் என்னும் திட்டம் அதைச் செய்து காட்டியிருக்கிறது. கட்டற்ற மென்பொருள்களைப் பற்றி ஏறத்தாழப் பத்து நிமிஷம் கொண்ட பாடங்களை எழுதி, அவற்றுக்குத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் குரல் கொடுத்திருக்கிறார்கள். திரையில் தெரிவது ஆங்கிலமாகவே இருக்கும். வேலைக்குப் போகுமிடத்தில் அவன் பார்க்கப்போவதும் அதுவே அல்லவா? காதில் விழும் விளக்கம் மட்டும் தாய்மொழி. அவர்களுடைய முறையில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று: பாடம் பதிவாவதற்கு முன்பே அதன் எழுத்துப்பிரதியை, அந்த மென்பொருளை அறியாத ஒருவரிடம் கொடுத்து, அதைக் கொண்டு அவரால் செய்ய முடிகிறதா என்று சோதிக்கிறார்கள். வித்தை தெரிந்தவன் தான் எதைச் சொல்லாமல் விட்டோம் என்பதை ஒருபோதும் அறியான். தெரியாதவனே அதை அறிவான்.

இவ்வளவும் கருவியைப் பற்றிய பேச்சு. கருவியைக் கற்றவன் தொகுப்பாளன் ஆகிவிடுவதில்லை.

கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார் புகைப்படக் கலையைப் பயில டோக்கியோவுக்கும், பின்னர் நியூயார்க்குக்கும் கப்பலேறிப் போனார். 1937-இல் காந்தியடிகளைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டுமென்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அதன்பின் நான்கு கண்டங்களில் அலைந்து, பற்பல கேமராக்காரர்கள் பல்லாண்டுகளாக எடுத்து வைத்திருந்த துண்டுகளைத் திரட்டினார். சேர்ந்தது ஏறக்குறைய 50,000 அடி. 1940-இல் திரைக்கு வந்த படத்தின் நீளம் சுமார் 12,000 அடி. அப்படியானால் 38,000 அடியை அவர் ஒதுக்கினார். கடல் கடந்து, கெஞ்சி, காத்திருந்து பெற்ற காந்தியின் உருவத்தை, இது வேண்டாம், இது போகட்டும் என்று நான்கில் மூன்று பங்கு விலக்கிய அந்த மனத்திண்மையை எந்தப் பொத்தான் கற்பிக்கும்? என் 2007-ஆம் ஆண்டுத் தகட்டுத் தொகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்ட பாடங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட எதை விடுவது என்பதைப் பற்றியதாக இல்லை.

எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்பதும் அப்படியே. ருஷ்யாவில் லெவ் குலெஷவ் என்பவர், ஒரு நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தை ஒரு தடவை சூப்புக் கிண்ணத்தோடும், ஒரு தடவை சவப்பெட்டியோடும் இணைத்துக் காட்டினார். முன்னதில் பசியையும் பின்னதில் துக்கத்தையும் பார்த்தவர்கள் அந்த முகத்திலேயே கண்டார்கள் என்பது சினிமாச் சாஸ்திரத்தில் பிரசித்தமான செய்தி. நூறு வருஷத்துக்கு முந்திய இந்தச் சோதனையை எங்களூர் இளைஞன் ஒரு கலியாண வீட்டில் செய்து பார்க்கலாம். கெட்டிமேளம் கொட்டும்போது மணமகளின் தாயாருடைய முகத்தைத் தாலிக்கு அடுத்து வைத்தால் ஓர் அர்த்தம். காலியாகிவிட்ட வீட்டுக் கூடத்துக்கு அடுத்து வைத்தால் வேறோர் அர்த்தம்.

இன்னும் நெருங்கிப் பார்க்க விரும்புகிறவன் திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்துக்கு வரட்டும். இப்பகுதியில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும் ஊர்கள் பல. அர்ச்சுனன் தபசு அன்று, வேடம் கட்டியவர் நெடிதுயர்ந்த தபசு மரத்தில் படிக்கு ஒரு பாட்டாகப் பாடி ஏறுகிறார். மத்தளமும் முகவீணையும் கீழே தொடர்கின்றன. ஏறி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. உச்சியிலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழத்தையும் பூவையும் பெறுவதற்காகப் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரச் சேலையோடு மடி ஏந்தி நிற்கிறார்கள். இந்த ஒரு மணி நேரத்தை நாலு நிமிஷமாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வேகத்தைக் கூட்டி ஓட்டினால் நாலு நிமிஷம் வந்துவிடும், தபசு போய்விடும். காட்சிகளுக்கு நடுவே பூ விரியும் எஃபெக்டைப் போட்டால் சாமி வந்து நிற்கிற இடத்தில் கடை விளம்பரம் வந்து நிற்கும். பிறகு என்ன செய்வது? படியில் ஊன்றும் பாதம் ஒன்று. கீழே அண்ணாந்து நிற்கும் முகம் ஒன்று. மறுபடி பாதத்துக்கு வரும்போது அது நாலு படி மேலே இருக்கட்டும். முகத்தைப் பார்த்திருந்த அந்த க்ஷணத்தில் நாலு படியும் ஏறியாயிற்று என்று பார்ப்பவன் மனமே நிரப்பிக்கொள்ளும். பாட்டை மட்டும் வெட்டாமல் ஒரே ஓட்டமாக விட வேண்டும். காது தொடர்ந்தால் கண் தாவுவதைப் பொறுத்துக்கொள்ளும். மடி ஏந்திய பெண்ணின் மேல் எவ்வளவு நேரம் நிற்பது? அவள் கண் இமைக்கும் வரை நிற்பேன் நான். மற்றொருவர் அதற்கு முன்பே வெட்டுவார். அவர் பக்கமும் நியாயம் இருக்கும். இப்படி உட்கார்ந்து, இதோ இங்கே, ஏன் இங்கே என்று ஒருவர் ஒரு மணி நேரம் தமிழில் பேசியிருந்தால், அது என் நாற்பது பாடங்களுக்கும் மேலான பாடமாக இருந்திருக்கும்.

இன்றைய நிலைமைக்கு வருகிறேன். 2005-இல் யூடியூப் பிறந்தது. 2016-க்குப் பிறகு அலைபேசியில் டேட்டா மலிந்தது. தமிழிலேயே எடிட்டிங் சொல்லித்தருகிறவர்கள் இப்போது ஏராளம். அவர்களில் பலர் தாமே தட்டுத்தடுமாறிக் கற்று, கற்றதை ஒளிக்காமல் வழங்குகிறவர்கள். மிக்சிங் அறையின் மூடிய கதவை அறிந்த என்னைப் போன்றவனுக்கு அந்தத் தாராளம் பெரிய ஆச்சரியம். புதுக்கோட்டைப் பக்கத்துச் சின்னவீரமங்கலத்திலிருந்து ஒரு கிராமத்துக் குடும்பம் சமையல் படங்களை எடுத்து 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரரை அடைந்தது, வித்தை பட்டணத்துக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு அத்தாட்சி. ஆயினும் ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடித்து அறைக்குத் திரும்பி, இரவு பதினொரு மணிக்குக் கற்க உட்காரும் ஊத்தங்கரைப் பையனுக்கு அங்கே கிடைப்பது என்ன? ஒருவர் நிறத்தைத் திருத்துவது எப்படி என்கிறார், மற்றொருவர் எழுத்தைப் பறக்கவிடுவது எப்படி என்கிறார், மூன்றாமவர் சென்ற வருஷப் பதிப்பில் இருந்து இந்த வருஷப் பதிப்பில் இல்லாத பொத்தானைக் காட்டுகிறார். எது முதல் பாடம், எது பத்தாவது பாடம் என்று சொல்வார் இல்லை. பயிற்சிக்குப் படத்துண்டு கிடைப்பது அரிது. இருநூறு உபாயங்களை அறிந்து, மூன்று நிமிஷப் படம் ஒன்றை முழுதாகத் தொகுக்க இயலாதவர்களை நான் வாரந்தோறும் சந்திக்கிறேன். தேவை ஏற்படும்போது வேண்டியதைத் தேடிக்கொண்டால் போதாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. அஸ்திவாரம் உள்ளவனுக்குப் போதும். எது தனக்குத் தேவை என்று கேட்கத் தெரிவதற்கே ஓர் அஸ்திவாரம் வேண்டியிருக்கிறது.

ஆகவே, தகட்டில் இருந்த ஒழுங்கையும் பயிற்சித் துண்டையும் ஒரே குரலையும், இக்காலத்துத் தாராளத்தோடும் தமிழோடும் சேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. முப்பது பாடம் போதும். மென்பொருளுக்காக யாரும் திருட்டுப் பிரதியை நாட வேண்டிய காலம் போயிற்று: பிளாக்மேஜிக் ஸ்தாபனம் டாவின்சி ரிசால்வின் ஒரு பதிப்பை இலவசமாகவே கொடுக்கிறது, அதற்கான பாடநூலையும் பயிற்சிப் படங்களையுங்கூடத் தருகிறது, எளிய கணினிக்குக் கேடென்லைவ், ஷாட்கட் என்னும் கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றன. 2011-இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குப் பாஸ் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளம் ஏற்றிய கருவிகளை அரசு வழங்கியபோதே இவ்வகைப் பாடம் ஒன்று உள்ளே இருந்திருக்கலாம். இருந்திருந்தால் எத்தனையோ கருவிகள் சினிமா பார்ப்பதோடு நின்றிருக்க மாட்டா. இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. பாடத்தை எழுதுவதற்கு நூறு கலியாணங்களைத் தொகுத்த நம் ஸ்டூடியோக்காரர்களை அழைக்க வேண்டும்; அவர்களுக்கு உரிய ஊதியம் கொடுக்க வேண்டும்; இனாமாகக் கேட்கக் கூடாது. எழுதிய பாடத்தை ஒன்றும் அறியாத ஒரு பையனிடமும் ஒரு பெண்ணிடமும் கொடுத்துச் சோதிக்க வேண்டும். பெண் என்று பிரத்தியேகமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மிக்சிங் அறைக்குள் இவ்வூரில் ஒரு பெண் நுழைந்ததை நான் பார்த்ததே இல்லை, வீட்டிலிருந்து செய்யக்கூடிய இந்தத் தொழில் அவர்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்று அவர்களிடமே யாரும் சொன்னதில்லை. பாடங்களும் படத்துண்டுகளும் அடங்கிய ஒரு ஹார்ட் டிஸ்க் தாலுகா நூலகம் ஒவ்வொன்றிலும் இருக்கட்டும். பயிற்சிப் படங்கள் பெரியவை, அலைபேசி டேட்டாவில் இறக்கி முடியாதவை. அதற்கு ஒரு மேஜையும், ஒரு கணினியும், மாலை எட்டு மணி வரை திறந்திருக்கும் ஒரு கதவும் போதுமானவை.

படத்துண்டுக்கு எங்கே போவது என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்ற மூன்று ஆண்டுகளில் நான் எடுத்த பாரதக் கூத்துப் பதிவுகள், தபசு மரம் முதல் துரியோதனன் படுகளம் வரை, பதினோரு மணி நேரத்துக்கு என்னிடம் இருக்கின்றன. கூத்து வாத்தியாரிடம் பேசிச் சம்மதம் பெற்றிருக்கிறேன். 25 பிரேமில் எடுத்தவை. உருவம் தெளிவு, முகவீணை மட்டும் சில இடங்களில் காற்றோடு போயிருக்கிறது. முப்பது பாடத்தில் முதல் பாடத்தை எழுத யார் முன்வந்தாலும், நூலகமோ பள்ளியோ தனியாரோ, அப்பதிவு முழுவதையும் கொடுக்கச் சித்தமாக இருக்கிறேன்.